பேப்பரில் இல்லாத காட்சி: சிறு பட்ஜெட் 'ஏ' திரில்லர் எடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தயாரிப்பாளர்களுக்கும் இயக்குநர்களுக்கும்,

வணக்கம். முன்கூட்டி எழுதாத ஒரு நெருக்கமான காட்சியால் ஈசிஆர் பங்களாவில் பாதியில் நின்றுபோன படப்பிடிப்பைப் பற்றி நாங்கள் விளக்கத் தேவையில்லை. யார் கிளம்பிப் போனார், ஏன் போனார் என்பதெல்லாம் எங்களுக்கு முன்பே உங்கள் வாட்ஸ்அப் குழுக்களுக்கு வந்திருக்கும். அப்படிப்பட்ட காட்சிகளை முன்பே எழுதிக் கொடுக்கக் கூடாதா என்றதற்கு உங்களில் சிலர் சொன்ன பதில்தான் இந்த மடலை எழுதவைத்தது: "சின்ன பட்ஜெட் சார், இதுக்கெல்லாம் கட்டுப்படியாகாது."

எது கட்டுப்படியாகாது? ஒரு காட்சியைப் பேப்பரில் எழுதுவதா?

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். நெருக்கமான காட்சி எதுவானாலும், அட்வான்ஸ் கைமாறுவதற்கு முன்பே அதை முழுதாக எழுதி, நடிக்கும் இருவர் கையிலும் கொடுங்கள். எழுதாததை எடுக்காதீர்கள்.

இந்த வகைப் படங்களை இளக்காரமாகப் பார்ப்பவர்கள் அல்ல நாங்கள். நாலு பேர், ஒரு வீடு, ஒரு பொய். திரில்லருக்கு இவ்வளவு போதும். ஸ்டார் இல்லாததே உங்களுக்குப் பலம். பெரிய படத்தில் நாயகன் சாகமாட்டான் என்று டிக்கெட் வாங்கும்போதே தெரியும். உங்கள் படத்தில் யார் வேண்டுமானாலும் பத்தாவது நிமிடத்தில் சாகலாம். ஆசை வந்தவன் கண்ணுக்கு எதிரே கிடக்கும் துப்பு தெரியாது என்பதில்தான் இந்தக் கதைகள் ஓடுகின்றன. ஆகவே படுக்கையறைக் காட்சி கதைக்கு வெளியே இருக்க முடியாது. அங்கேதான் சாவி இடம் மாற வேண்டும், அவன் விரலை வைத்து அவள் போனைத் திறக்க வேண்டும், தோளில் இருக்கும் பழைய காயத்தைப் பார்த்து ஒருவர் முகம் மாற வேண்டும்.

உங்கள் பேப்பரில் அந்த இடத்தில் இருப்பதோ இதுதான்: "இரவு. உள்ளே. படுக்கையறை. இருவரும் நெருக்கமாக. மாண்டேஜ்." ஒன்றரை வரி. திரையில் அது நாலு நிமிடம். சிவப்பு லைட், ஜன்னல் திரை, எங்கிருந்தோ ஒரு சாக்ஸபோன். முடிந்ததும் கதை விட்ட இடத்திலிருந்து கிளம்புகிறது. அந்த நாலு நிமிடத்தைத் தூக்கிவிட்டுப் பார்த்தாலும் படம் புரிகிறது என்றால் அது காட்சி அல்ல, பிட்டு. 2000ஐ ஒட்டி மலையாளத்தில் ஷகீலா அலை அடித்தபோது, சென்சார் முடிந்த பிரதியில் தியேட்டர்க்காரர்கள் துண்டு ஃபிலிமை ஒட்டினார்கள். பல சமயம் அந்தத் துண்டில் இருந்தவர் படத்தில் நடித்தவரே அல்ல. சினிமாட்டோகிராஃப் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி அது குற்றம். நீங்கள் அதே வேலையை எடிட் டேபிளில் செய்கிறீர்கள். சட்டப்படி குற்றமில்லை என்பதுதான் வித்தியாசம்.

அந்த ஒன்றரை வரி ஸ்பாட்டில் என்ன ஆகிறது என்பதை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல அனுமதியுங்கள். இரவு பதினொன்றரை. நடிகைக்குக் கேரவன் கிடையாது, மாடி அறைதான். அசோசியேட் கதவைத் தட்டுகிறார்: "சார் கொஞ்சம் மாத்தியிருக்காரு மேடம்." கொஞ்சம்! காலை ஆறு மணிக்குப் பங்களாவைக் காலி செய்ய வேண்டும். பேலன்ஸ் பேமென்ட் இன்னும் வரவில்லை. கீழே நாற்பது பேர் தூங்காமல் காத்திருக்கிறார்கள். மாட்டேன் என்றால் நாற்பது பேரின் ஒரு நாளைக் கெடுத்தவர் என்ற பெயர் அவருக்கு. சரி என்றால் அது சம்மதம் என்று நீங்கள் சொல்லிக்கொள்வீர்கள். மலையாளத் திரையுலகில் பெண்களின் நிலையை ஆராய்ந்து, 2024 ஆகஸ்டில் வெளியான ஹேமா கமிட்டி அறிக்கையிலும் இதே கதை இருக்கிறது: இவ்வளவுதான் என்று சொல்லி ஒப்பந்தம் செய்துவிட்டு, பிறகு அதற்கு மேல் கேட்டதால் ஒரு நடிகை படத்தை விட்டே விலகினார். பட்ஜெட்டும் இதற்குக் காரணம் அல்ல. 1992இல் ஹாலிவுட்டையே திரும்பிப் பார்க்கவைத்த 'பேசிக் இன்ஸ்டிங்க்ட்' படத்தில், விசாரணையின்போது நாயகி கால் மாற்றிப் போடும் அந்தப் பேர்போன ஷாட்டில் என்ன தெரிகிறது என்பது படத்தைப் போட்டுப் பார்த்தபோதுதான் தனக்குத் தெரிந்தது என்று அதில் நடித்த ஷரோன் ஸ்டோன் 2021இல் எழுதினார். இயக்குநர் அதை மறுத்தார். ஷாட் பேப்பரில் எழுதப்பட்டிருந்தால் முப்பது வருடம் கழித்து அந்த வாக்குவாதத்துக்கு இடமே இருந்திருக்காது.

உங்கள் படத்தில் ஒரு நாய் வாலாட்டினால் விலங்குகள் நல வாரியத்திடம் தடையில்லாச் சான்றிதழ் வாங்குகிறீர்கள். நாயகன் பீடி பற்றவைத்தால் கீழே எச்சரிக்கை வரி ஓடுகிறது. கன்னத்தில் ஒரு அறை விழும் காட்சிக்கு ஃபைட் மாஸ்டர் வந்து கணக்குச் சொல்லித் தருகிறார். மேல்மாடியில் இருக்கும் பெண்ணுக்கு மட்டும் "கொஞ்சம் மாத்தியிருக்காரு".

சரி, எப்படி எழுதுவது? சண்டைக் காட்சிக்கு எழுதுவது போலத்தான். யார் முதலில் தொடுவது, கை எங்கே போகிறது, எந்த உடை எதுவரை விலகுகிறது, கேமரா எந்தப் பக்கம், எந்த இடத்தில் கட். ஷாட் ஷாட்டாக எழுதினால் மூன்று நான்கு பக்கம் வரும். ஒப்பந்தத்தோடு இணைக்கும் தாளில் உடலின் எந்தப் பகுதி தெரியலாம், தெரியக்கூடாது என்று இருக்கட்டும். டிரெய்லருக்கும் போஸ்டருக்கும் யூடியூப் தம்ப்நெயிலுக்கும் அந்தக் காட்சியிலிருந்து எடுக்கலாமா என்பதைத் தனி வரியாகக் கேளுங்கள்; சண்டை பெரும்பாலும் அங்கேதான் வெடிக்கிறது. முந்தின நாள் முழு உடையோடு ஒத்திகை. அன்று செட்டில் இயக்குநர், கேமராமேன், ஃபோகஸ் புல்லர், சவுண்ட் ஆள், ஒரு பெண் உதவியாளர் போதும். மானிட்டர் ஒன்றுதான், அதுவும் மறைவாக. செல்போன்கள் வாசலிலேயே பெட்டிக்குள் போகட்டும்.

உடலை மறைக்கும் தோல் நிற உடையை ஒட்டும் டேப் பாதி டேக்கில் கழன்று விழுவது எல்லோருக்கும் தெரிந்த தொல்லை. காரணம் டேப் அல்ல. மேக்கப்பில் போட்ட மாய்ஸ்சரைசரும், லைவ் சவுண்டுக்காக ஏசியை நிறுத்தியதால் ஊறும் வியர்வையும்தான். ஒட்டும் இடத்தில் கிரீம் தடவாமல், ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, காய்ந்த பிறகு ஒட்டுங்கள். இந்தக் காட்சிக்கு லைவ் சவுண்ட் அவசியமும் இல்லை. மூச்சு, துணி உரசும் சத்தம் எல்லாவற்றையும் தனியாகப் பதிந்துகொள்ளலாம். ஏசி ஓடட்டும்.

அமெரிக்க டிவி நிறுவனமான ஹெச்பிஓ 2018லிருந்தே இப்படிப்பட்ட காட்சிகளுக்கு இன்டிமஸி கோஆர்டினேட்டரை, அதாவது நெருக்கமான காட்சிகளை நடிப்பவர்களின் சம்மதத்தோடு ஒழுங்குபடுத்தித் தருபவரை, கட்டாயமாக்கிவிட்டது. மும்பையிலும் அந்த வேலை தெரிந்தவர்கள் வந்துவிட்டார்கள். படம் முழுக்க வேண்டாம், அந்த ஒரு நாளுக்குக் கூப்பிடுங்கள். ட்ரோன் ஷாட்டுக்குக் கொடுக்கும் வாடகையை நினைத்துப் பார்த்துவிட்டு, பிறகு கட்டுப்படியாகாது என்று சொல்லுங்கள்.

எழுதாத காட்சியால் உங்களுக்கே வரும் நஷ்டம் எடிட் அறையில் தெரியும். சென்சாரில் நீளத்தைக் குறைக்கச் சொன்னால் கையில் மாற்று ஷாட் இருக்காது. இருப்பதெல்லாம் இரண்டு பேர் உடம்பு மட்டும். வெட்டினால் ஜம்ப் ஆகிறது, பாட்டு இடறுகிறது. கண்ணாடி, மேசை மேல் அதிரும் போன், கதவிடுக்கு, முகத்தின் க்ளோசப் என்று ஐந்தாறு ஷாட் எழுதிவைத்திருந்தால் நாலு நிமிடத்தை ஒன்றரையாக்கினாலும் காட்சி நிற்கும். 'ஏ' படத்தைத் தொலைக்காட்சியில் போட முடியாது. யூஏ வாங்க வெட்டித்தான் ஆக வேண்டும். 90களில் வீடியோ கடைகளை நம்பிப் பிழைத்த அமெரிக்க எரோடிக் திரில்லர்க்காரர்கள் ஒரே படத்தை அந்நாட்டு 'ஆர்' சான்றிதழ் பெற்ற பிரதியாகவும் தணிக்கைக்குப் போகாத பிரதியாகவும் வெளியிட்டார்கள், ஏனென்றால் பிளாக்பஸ்டர் என்ற பெரிய வீடியோ வாடகைக் கடைகள், பெரியவர்களுக்கு மட்டுமான என்சி-17 சான்றிதழ் பெற்ற படங்களை அடுக்கியதில்லை. அவர்களும் ஏழைத் தயாரிப்பாளர்கள்தான்.

இன்னொன்று. இசை வெளியீட்டு மேடையில் "இது பெண்களுக்கான விழிப்புணர்வுப் படம், குடும்பத்தோடு பாருங்கள்" என்று சொல்வதை நிறுத்த முடியுமா? கடைசி ரீலில் நாயகியைக் கொன்றுவிட்டு, "பெண்களே உஷார்" என்று கார்டு போடுவதையும்? அதுவரை நாலு நிமிடம் வேறு எதற்கோ உஷாராக உட்கார்ந்திருந்தவர்களுக்குத் திடீரென்று ஒழுக்கம் சொல்வது... மன்னிக்கவும், பேச்சு வேறு எங்கோ போகிறது.

அடுத்த படத்துக்குப் பங்களா முன்பணம் கொடுக்கும் முன் அந்த நாலு பக்கத்தை எழுதிவிடுங்கள். எழுதியதை நடிப்பவர்களிடம் கொடுத்து, படித்துவிட்டு யோசிக்க ஒரு வாரம் விடுங்கள். ஸ்பாட்டில் மாற்றம் தோன்றினால் அன்று எடுக்காமல், எழுதி இன்னொரு நாள் கேளுங்கள். மேலே உள்ளதில் ஏதாவது நடைமுறைக்கு ஒத்துவராது என்றால் எது என்று சொல்லுங்கள், உட்கார்ந்து பேசத் தயாராக இருக்கிறோம். ஷாட் டிவிஷன் எழுத ஆள் வேண்டுமென்றாலும் அழையுங்கள், வருகிறோம். இதைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் படங்களில் வேலை பார்க்கும் சில எடிட்டர்களும் உதவி இயக்குநர்களும்