பெட்டிக்கு வெளியே இருக்கும் வலிமை

காரைக்குடி

அன்பு நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. ஆச்சிக்கு முழங்கால் வலி குறைந்திருப்பதை அறிந்து இங்கே எல்லோரும் மகிழ்ந்தோம். நாங்கள் நலம். இந்த ஆண்டு மழை ஊருணியை நிரப்பிவிட்டது. வீட்டில் மேற்குப் பக்க ஓடுகளை மட்டும் மாற்ற வேண்டியிருக்கிறது.

உங்கள் பேரனை முன்னிட்டு நீங்கள் கேட்டிருந்த கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன். இனிமேல் வீடியோ கேம் ஆடும் கன்சோல் பெட்டிக்குள் பெரிய சிப் எதுவும் தேவையில்லை, வேண்டிய வலிமையெல்லாம் கிளவுடிலிருந்து, அதாவது இணையத்தின் மறுமுனையில் நிறுவனங்கள் வைத்திருக்கும் கணினிகளிலிருந்து, வந்துவிடும், மாதச் சந்தா கட்டினால் போதும் என்று அவன் சொல்வதாகவும், அப்படியானால் ஐம்பதாயிரம் ரூபாய் அளவில் செலவழித்துப் பெட்டி வாங்குவது வீண்தானோ என்று நீங்கள் தயங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். தொலைபேசி நிலையத்தில் எத்தனையோ ஆண்டுகள் லைனோடு மல்லுக்கட்டிய நாம் இருவரும் இந்தப் பேச்சை விளம்பரக்காரர் சொல்வதாக ஏற்றுக்கொள்ளாமல், லைன்காரர் பார்வையில் ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

முதல் குழப்பம், மூன்று வேறு வேலைகளுக்கு ஒரே பெயரைச் சூட்டியிருப்பதுதான். பலர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தில் யார் எங்கே நிற்கிறார், யார் சுட்டது யார் மேல் பட்டது என்பதை நடுவராக இருந்து தீர்க்கும் சர்வர்கள் என்ற மையக் கணினிகள் பல ஆண்டுகளாக இருக்கின்றன. அவற்றில் எனக்கு ஐயம் இல்லை. ஆட்டம் முழுவதையும் தொலைவிலுள்ள கணினியில் ஓட்டி, படத்தை மட்டும் வீடியோவாக வீட்டுக்கு அனுப்புவது வேறொரு வேலை. லைன் நன்றாக இருக்கும் இடங்களில் அது ஓரளவு நடக்கிறது. வீட்டிலுள்ள கன்சோல் காட்சியை வரைந்துகொண்டிருக்கும்போதே அந்தக் கணக்கில் ஒரு பங்கைக் கிளவுட் போட்டுக் கொடுத்து, நாம் வாங்கிய பெட்டியை வாங்கியதைவிட வலிமையானதாக்கும் என்பது இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது. கன்சோல் அறிமுக மேடையில் விற்கப்பட்டது இந்த மூன்றாவது. சான்றாகக் காட்டப்பட்டவை பெரும்பாலும் முதலாவதைச் சேர்ந்தவை.

2013 மே 21 அன்று மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலை அறிமுகப்படுத்தியபோது, அதற்கான சர்வர்கள் 15,000-இலிருந்து 3,00,000 ஆக உயரும் என்று அறிவித்தது. வீட்டிலுள்ள ஒவ்வொரு பெட்டிக்கும் அதைப் போன்ற மூன்று பெட்டிகளின் வலிமை கிளவுடில் காத்திருக்கும் என்றும் அந்நிறுவனத்தார் பேசினார்கள். அந்த ஆண்டு நவம்பரில் போட்டிக் கன்சோல்கள் இரண்டும் கடைக்கு வந்தபோது, சோனியின் பிளேஸ்டேஷன் 4-இன் கிராஃபிக்ஸ் திறன் 1.84 டெராஃப்ளாப்ஸ் (ஒரு டெராஃப்ளாப்ஸ் என்பது நொடிக்கு லட்சம் கோடி கணக்கு), எக்ஸ்பாக்ஸ் ஒன்னுடையது 1.31 டெராஃப்ளாப்ஸ், விலையோ முன்னது 399 டாலர், பின்னது 499 டாலர். பெட்டிக்குள் குறைந்திருப்பது வெளியே எங்கோ மிகுந்திருக்கிறது என்று சொல்ல வேண்டிய தேவை யாருக்கு இருந்தது என்பது இந்த எண்களிலேயே தெரிகிறது.

மூன்று லட்சம் என்ற எண்ணையே பெருக்கிப் பாருங்கள். கன்சோல்கள் கோடிக்கணக்கில் விற்பதற்காகச் செய்யப்படுபவை. ஒரு கோடிப் பெட்டிக்கு மும்மடங்கு வலிமை என்றால் மூன்று கோடிப் பெட்டிகளின் வலிமை வேண்டும். அதை மூன்று லட்சம் சர்வர்கள் தாங்க வேண்டுமானால் ஒவ்வொரு சர்வரும் நூறு கன்சோல்களின் வேலையைச் செய்தாக வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் ஆடுவதில்லை என்று கழிவு கொடுத்தாலும், மாலை எட்டு மணிக்கு ஆடுகிறவர்கள் கூட்டமாகத்தான் வருவார்கள். இந்தக் கணக்கு நேராகாது. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் பெட்டி 24 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது இணையத்தைத் தொட்டாக வேண்டும் என்று முதலில் விதித்திருந்தார்கள். வாங்குபவர்கள் கொதித்தெழுந்ததும் ஜூன் 19-ஆம் தேதியே அந்த விதியை நீக்கினார்கள். ஆட்டத்தின் உயிர் கிளவுடில் இருப்பது உண்மையாக இருந்திருந்தால், ஒரே மாதத்துக்குள் இணைய இணைப்பை வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம் என்ற நிலைக்குக் கொண்டுவந்திருக்க முடியுமா?

இனி நமக்குத் தெரிந்த லைனுக்கு வருகிறேன். நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 தனிப்படம், காட்டும் ஆட்டத்தில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி நொடி. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. காரைக்குடிக்கும் மும்பைக்கும் நேர்கோட்டிலேயே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆயிரம் கிலோமீட்டர் என்றே வைத்துக்கொண்டாலும், போய்த் திரும்புவதற்கு மட்டும் 10 மில்லி நொடி கழிந்துவிடுகிறது. வழியிலுள்ள ரூட்டர்கள் எடுத்துக்கொள்ளும் நேரம், சர்வர் கணக்குப் போடும் நேரம், வீட்டு வைஃபையில் சிக்னல் தடுமாறும் நேரம் எல்லாம் மீதி 6.7 மில்லி நொடிக்குள் அடங்க வேண்டும். அடங்காது. செயற்கைக்கோள் வழியாக வெளிநாட்டு அழைப்புகளை இணைத்த காலத்தில், 36,000 கிலோமீட்டர் ஏறி இறங்கும் குரல் கால் நொடி பிந்தி வந்து, இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கித் திணறுவார்கள் அல்லவா? எந்த அதிகாரியாலும் எந்தக் கருவியாலும் அந்தக் கால் நொடியை மீட்டுத் தர முடியவில்லை. சர்வரின் விலை ஆண்டுதோறும் குறையலாம். ஒளியின் வேகத்துக்கு அப்படி ஒரு வாய்ப்பு இல்லை.

தாமதத்தை ஒதுக்கிவைத்தாலும் லைனின் அகலம் வழிமறிக்கிறது. எக்ஸ்பாக்ஸ் ஒன்னின் சிப் தன் நினைவகத்திலிருந்து நொடிக்கு 68 ஜிகாபைட் தரவை எடுக்கும். வீட்டுக்கு 100 மெகாபிட் இணைப்பு இருந்தால், குறைவில்லாமல் கிடைத்தாலும், எட்டு பிட் ஒரு பைட் என்பதால் அது நொடிக்கு 12.5 மெகாபைட்தான், ஐயாயிரம் மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாடு. தொலைவில் எவ்வளவு பெரிய கணினி இருந்தாலும், அது கண்டுபிடித்த விடை இந்த மெல்லிய குழாய் வழியாகத்தான் வந்து சேர வேண்டும்.

நம் பக்கத்தவர்கள் பர்மாவில் லேவாதேவிக் கடை நடத்திய காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முதலாளி இங்கே இருந்தார். கடையின் கணக்கான ஐந்தொகை கப்பலில் வந்தது. அதைப் பார்த்து அவர் நிதானமாக முடிவுகளை எடுத்தார். ஆனால் கடை வாசலில் வந்து நிற்கிறவருக்குக் கடன் கொடுக்கலாமா, வட்டி என்ன என்பதை அங்கேயே இருந்த மேலாள்தான் அந்த நொடியில் தீர்மானித்தார். ஆட்டத்திலும் காத்திருக்கக் கூடிய வேலை, காத்திருக்கக் கூடாத வேலை என்று இரண்டு உண்டு. காத்திருக்கக் கூடியவற்றைத் தொலைவுக்கு அனுப்புவதில் தவறே இல்லை. 2014-இல் வந்த டைட்டன்ஃபால் ஆட்டத்தில் கணினியே இயக்கும் வீரர்களின் நடமாட்டத்தைச் சர்வரில் கணக்கிட்டார்கள். ஆட்டமும் நன்றாக இருந்தது. 2020-இல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் இன்னும் சிறந்த உதாரணம். இரண்டு பெட்டாபைட்டுக்கு (ஒரு பெட்டாபைட் என்பது பத்து லட்சம் ஜிகாபைட்) மேற்பட்ட நிலப்படத் தரவு எந்த வீட்டுப் பெட்டியிலும் அடங்காது; விமானம் பறந்து செல்லும் பகுதிக்குரியதை மட்டும் முன்கூட்டியே சர்வரிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே கிளவுட் கிடங்காக இருந்து தரவைத் தருகிறது. காட்சியை வரைவது வீட்டிலுள்ள பெட்டியின் சிப். வரைவதற்கு வேண்டிய வலிமையைக் கிளவுட் தருவதாக யாரும் சொல்லக் கூடாது.

அப்படிச் சொன்னதன் முடிவு மைக்ரோசாஃப்டின் கிராக்டவுன் 3 என்ற ஆட்டம். 2014-இல் அறிவித்து, 2015 ஆகஸ்டில் ஒரு நகரமே கட்டடம் கட்டடமாக நொறுங்கி விழுவதைக் காட்டி, இது கிளவுடின் வலிமை என்றார்கள். பலமுறை தள்ளிப்போய் 2019 பிப்ரவரியில் ஆட்டம் வெளிவந்தபோது, கதைப் பகுதியில் அந்த நொறுங்கல் இல்லை. பலர் சேர்ந்து ஆடும் தனிப் பகுதியில் மட்டும், முதலில் காட்டியதைவிட எளிமையான வடிவில் இருந்தது. கணினிக்காக 2013 மார்ச்சில் வந்த சிம்சிட்டியின் கதை இதைவிட வருந்தத்தக்கது. நகரத்தின் கணக்குகளில் கணிசமானவை சர்வரில் நடப்பதால் இணையம் இல்லாமல் ஆட முடியாது என்றார்கள். முதல் நாட்களில் சர்வர்கள் திணறியதால் காசு கொடுத்தவர்கள் வாசலிலேயே நின்றார்கள். ஆர்வலர் ஒருவர் நிரலில் சிறு மாற்றம் செய்து, இணைப்பு இல்லாமலே நகரம் ஓடுவதைக் காட்டினார். மறு ஆண்டு மார்ச்சில் நிறுவனமே இணையமில்லாமல் ஆடும் வசதியைக் கொடுத்தது. முடியாது என்று சொல்லப்பட்டது ஓராண்டில் முடிந்தது.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு வணிகக் காரணம் இருக்கிறது. அதை நாம் மறக்கக் கூடாது. பெட்டிக்குள் இருக்கும் சிப்புக்கு நாம் ஒருமுறை விலை கொடுத்துவிடுகிறோம். சர்வருக்கு மின்சாரமும் குளிர்ச்சியும் ஆளும் ஒவ்வொரு நாளும் வேண்டும். ஆட்டத்தை ஒருமுறை விற்ற நிறுவனம் பத்து ஆண்டுகள் அந்தச் செலவைச் சுமக்க எந்தக் காரணமும் இல்லை. ஆடுவோர் குறைந்ததும் நிறுத்திவிடுவார்கள். மேலும், ஒரே ஆட்டத்தை எல்லாக் கன்சோல்களுக்கும் விற்க நினைக்கும் தயாரிப்பாளர், ஒரு கன்சோலின் கிளவுடுக்காக மட்டும் தனியாக எழுதி உழைக்க மாட்டார்.

முழு ஆட்டத்தையும் வீடியோவாக அனுப்பும் சேவைகளைத்தான் உங்கள் பேரன் மனத்தில் வைத்திருப்பான் என்று நினைக்கிறேன். அவற்றில் வலிமை உண்மையிலேயே அங்கே இருக்கிறது. அதனால் அவற்றைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு பொத்தான் அழுத்தலும் போய்த் திரும்பியாக வேண்டும். சதுரங்கத்துக்கும் நிதானமாக நடக்கும் கதைக்கும் அது போதும், சண்டையிலும் கார்ப் பந்தயத்திலும் அந்தத் தாமதத்தைக் கை உணரும். 2010-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆன்லைவ் என்ற இத்தகைய சேவை 2015 ஏப்ரலில் மூடப்பட்டது. அதில் வாங்கிய ஆட்டங்களும் அத்துடன் போயின. 10.7 டெராஃப்ளாப்ஸ் என்று பெருமையோடு 2019 நவம்பரில் வந்த கூகுளின் ஸ்டேடியா, இந்தியாவுக்கு வராமலே 2023 ஜனவரி 18 அன்று நின்றுவிட்டது. ஸ்டேடியாவில் ஆட்டங்களுக்கும் கருவிகளுக்கும் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்பதை நான் பாராட்டுகிறேன். கூகுளைப் போன்ற நிறுவனத்தால் நான்கு ஆண்டுகள்கூட நடத்த முடியவில்லை என்பதையும் உங்கள் பேரன் தெரிந்துகொள்ளட்டும்.

ஆகவே என் யோசனை இது. நாளை வரப்போகும் வலிமைக்காக இன்று பணம் கொடுக்க வேண்டாம். இன்று பெட்டிக்குள் என்ன இருக்கிறதோ அதற்கு மட்டும் விலை பேசுங்கள். முடிந்தால் வட்டு போடும் வசதியுள்ள கன்சோலாக வாங்குங்கள், ஆடி முடித்த ஆட்டத்தை மற்றவருக்கு விற்கவும் கொடுக்கவும் முடியும். பேரன் விடாப்பிடியாக இருந்தால், ஆண்டுச் சந்தா கட்டாமல் ஒரு மாதச் சந்தாவை மட்டும் கட்டி, இரவு எட்டு மணிக்கு மேல், அடுக்குமாடியில் எல்லோரும் படம் பார்க்கும் நேரத்தில், அவனுக்குப் பிடித்த கார்ப் பந்தயத்தை ஆடச் சொல்லுங்கள். வைஃபையை நம்பாமல் ரூட்டரிலிருந்து கேபிளே இழுத்துக் கொடுங்கள். இங்கே முகப்பில் வைத்த ரூட்டரின் சிக்னல், எங்கள் வீட்டுச் சுண்ணாம்புச் சுவர்களையும் வளவையும் தாண்டி இரண்டாம் கட்டுக்கு வருவதற்குள் ஓய்ந்துவிடுவதால், நான் கேபிளைத்தான் கொண்டுபோயிருக்கிறேன். பிறகு ஆடிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கேபிளைக் கழற்றிவிட்டு, திரையில் எது மிஞ்சுகிறது என்பதை அவனே பார்த்துச் சொல்லட்டும்.

உங்கள் வீட்டு இணைப்பின் வேகத்தோடு, தாமதம் எத்தனை மில்லி நொடி என்பதையும் காலையிலும் இரவிலும் அளந்து எழுதுங்கள். வேகத்தை எல்லோரும் விளம்பரத்தில் போடுகிறார்கள். எனக்கு வேண்டியது இரவில் அந்தத் தாமதம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்ற விவரம். அது கைக்கு வந்தால் எந்த வகை ஆட்டம் உங்கள் வீட்டில் தாங்கும் என்று திட்டமாகச் சொல்லிவிடலாம். ஆச்சிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்; பேரனுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் அன்பு நண்பன்