வரிச் சலுகையும் பசுந்தேயிலை விலையும்

ஆசிரியருக்கு,

வளரும் நாடுகளின் சில பொருட்களுக்கு இறக்குமதி வரியை நீக்கும் ஜி.எஸ்.பி. சலுகையை நீட்டிக்க அமெரிக்க காங்கிரஸ் வாக்களித்தால் பசுந்தேயிலை (தோட்டத்தில் பறித்த பச்சை இலை) விலை ஏறும் என்று குன்னூர், கோத்தகிரி விவசாயிகளை நம்பவைப்பது சரியல்ல. அந்த இலையிலிருந்து தயாராகும் கருந்தேயிலைக்கு அமெரிக்காவில் அடிப்படை இறக்குமதி வரியே கிடையாது. வாசனை சேர்த்த கிரீன் டீக்குத்தான் 6.4 சதவீதம்.

அந்தத் திட்டம் 2020 டிசம்பர் 31-ல் காலாவதியானது. இந்தியாவை அதற்கு முன்பே, 2019 ஜூன் 5-ல், அதிபர் ஆணையால் நீக்கிவிட்டார்கள். எனவே வாக்கெடுப்பு மட்டும் போதாது, நம்மைத் திரும்பச் சேர்க்கத் தனி ஆணை வேண்டும். சேர்த்தாலும், பொருளின் மதிப்பில் 35 சதவீதமாவது இங்கேயே உருவாகியிருக்க வேண்டும்.

2018-ல் செய்ததுபோல முன்தேதியிட்டு நீட்டித்தால், இடைக்காலத்தில் கட்டிய வரி அமெரிக்க இறக்குமதியாளருக்கே திரும்பும். அதில் பங்கு கேட்கும் நம் ஏற்றுமதியாளர் அதை ஒப்பந்தத்திலேயே எழுதிவாங்கட்டும்.

– ஒரு வாசகர், கோத்தகிரி