சனசமூக நிலைய ஆண்டறிக்கை: இந்த முறை கொழும்பு மண்டபக் கதையும் சேத்து

எல்லாருக்கும் வணக்கம். அறிக்கை ரெண்டு பக்கத்துக்கு மேல போகக்கூடாது எண்டு தலைவர் சொல்லிப்போட்டார், பாப்பம்.

மாசக் கூட்டம் ஒம்பது நடந்தது, மூண்டு மழையால நிண்டுபோச்சு, ஏன் எண்டு கூரையப் பாத்தா விளங்கும். சிரமதானம் ரெண்டு. பேப்பர் வாசிக்க வாறவை குறைஞ்சு போச்சினம், கரம் அடிக்கிறவை கூடிட்டினம். கணக்க பொருளாளர் வாசிப்பார்.

இந்த வருசத்தின்ர பெரிய அலுவல் கொழும்பு சர்வதேச புத்தகக் கண்காட்சிக்குப் போனதுதான். அதில காசு வீணாப் போச்சு எண்டு வாட்ஸ்அப்பில எழுதினவைக்காகவே கொஞ்சம் விரிவாச் சொல்லுறன். இரவு வானில வெளிக்கிட்டு விடியக் கொழும்பு, அங்கயிருந்து நேர பௌத்தாலோக மாவத்தை, பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபம். இவ்வளவு நீளப் பேரை ஒருத்தரும் சொல்லுறேல்ல, பி.எம்.ஐ.சி.எச். எண்டாத்தான் ஓட்டோக்காரருக்கும் தெரியும். முன்னால ரோட்டுக்கு அங்கால அவுகன புத்தர் சிலை மாதிரி ஒண்டு நிக்குது, வான் எங்கயும் தவறினா அதுக்குக் கீழ நிக்கச் சொல்லி பொடியளுக்குச் சொன்னனான்.

மண்டபம் எட்டுப் பக்கமா, சுத்திவர உயரத் தூணோட. சீனா அன்பளிப்பாக் கட்டிக் குடுத்தது. 1959ல சுட்டுக் கொல்லப்பட்ட பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவின்ர நினைவா, அவற்ற மனிசி சிறிமாவோ 1970ல திரும்ப ஆட்சிக்கு வந்தாப் பிறகு வேலை நடந்து 1973 மே 17ல திறந்தவை. சீன வேலையாக்களும் எங்கட நாட்டு ஆக்களும் சேந்துதான் கட்டினது. 1956ல சிங்களம் மட்டும்தான் அரச மொழி எண்டு தனிச் சிங்களச் சட்டம் கொண்டந்த மனிசன்ர பேரில நிக்கிற மண்டபத்துக்க நாங்கள் தமிழ்ப் புத்தகம் தேடிப் போனம் எண்டு எங்கட பழைய வாத்தியார் வாசலில நிண்டு சிரிச்சார், அவர் 1956ஐ மறக்கிற ஆள் இல்ல.

1976 ஓகஸ்டில அணிசேரா நாடுகளின்ர, அதாவது அமெரிக்கா பக்கமும் சோவியத் பக்கமும் சேராத நாடுகளின்ர, அஞ்சாவது உச்சி மாநாடு அங்கதான், இந்திரா காந்தி, யூகோஸ்லாவியத் தலைவர் டிட்டோ எல்லாம் வந்து இருந்த இடம். 2008ல தெற்காசிய நாடுகளின்ர சார்க் மாநாடும் அங்க நடந்தது. பெரிய மண்டபத்தில 1,500 பேர் இருக்கலாம். பிறகு சிறிமாவோ பேரில பக்கத்தில கண்காட்சி மண்டபமும் வந்தது.

ஆனா நான் சொல்ல வந்தது தலைவர்மாரின்ர கதை இல்ல. உச்சி மாநாடு எத்தின வருசத்துக்கு ஒருக்கா வரும்? மிச்ச நாளில என்ன செய்யிறது? அதில படிப்பு நிறுவனம் ஒண்டு ஓடுது, மியூசியம் இருக்கு, பல்கலைக்கழகப் பட்டமளிப்பு நடக்குது, வீடு கட்டுற சாமான் கண்காட்சி, வெளிநாட்டுப் படிப்புக் கண்காட்சி, கலியாணம், கம்பனிக் கூட்டம் எண்டு ஒண்டு மாறி ஒண்டு. 1999ல தொடங்கின புத்தகக் கண்காட்சிக்கு வாற சனத்தப் பாத்தா நல்லூர்த் திருவிழா மாதிரித்தான், ஸ்கூல் பிள்ளையள் பையில உண்டியல் காசோட லைனில நிக்கினம், தமிழ் ஸ்டோல் குறைவுதான் எண்டாலும் எங்களுக்கு வேண்டினது கிடைச்சது. பொறுப்பா நடத்த ஒரு மன்றம் இருக்கு, மண்டபங்களை வாடகைக்கு விடுகினம், அப்ப கட்டிடமும் உசிரோட கிடக்கு.

இங்க யாழ்ப்பாணத்தில இந்தியா கட்டிக் குடுத்த கலாசார நிலையமும் 2023ல கையளிச்சது, 600 பேர் இருக்கக்கூடிய அரங்கோட. அன்பளிப்பா வந்த கட்டிடத்தை வச்சுப் பாக்கிறதுதான் கஷ்டமான வேலை, அது எங்களுக்கும் தெரியும், எங்கட நிலையமும் ஒரு வெளிநாட்டு அண்ணை தந்த காசில கட்டினதுதானே, வருசத்தில முன்னூறு நாள் பூட்டிக் கிடக்கு.

அதால நிர்வாகசபை சொல்லுறது இதுதான்: கூரைத் தகரத்தை மாத்திப்போட்டு ரியூசனுக்கும் பிறந்தநாளுக்கும் சின்ன வாடகைக்கு விடுவம். சாமத்தியவீடு பற்றி சண்டை வரும், எனக்குத் தெரியும், அது மூண்டாவது நிகழ்ச்சியில கதைப்பம்.

கொண்டந்த புத்தகங்களுக்கு இன்னும் நம்பர் போடேல்ல. எழுத்து வடிவான பிள்ளையள் ரெண்டு பேர் சனிக்கிழமை பின்னேரம் வந்தா நல்லம், தேத்தண்ணி தருவம்.