பிங்க் கலரும் நம்ம பல்லுக் கறையும்

அடியே எப்படி இருக்க, வீட்ல எல்லாரும் சௌக்கியமா? போன்ல பேசுனா சிக்னல் விட்டு விட்டு வருது, அதான் பொறுமையா உக்காந்து எழுதறேன். இங்க தர்மபுரில வெயில் இப்பவே மண்டைய பொளக்குது. உன் பையன் டென்த் முடிச்சிட்டு என்ன குரூப் எடுக்கறதுன்னு கேட்டிருந்தியே, அதுக்கு பதில் சொல்லத்தான் ஆரம்பிச்சேன், ஆனா மனசு எங்கெங்கயோ போயிடுச்சு.

எங்க பாப்பா இப்போ ப்ளஸ் டூ. நாம படிக்கறப்ப கெமிஸ்ட்ரி தியரி 150, ப்ராக்டிகல் 50, மொத்தம் 200 இல்ல? இப்போ தியரி 70, ப்ராக்டிகல் 20, இன்டர்னல் 10, அவ்ளோதான், நூறுக்கு. மார்க் குறைஞ்சாலும் பயம் குறையலடி. காலைல அஞ்சரைக்கு டியூஷன், ராத்திரி பத்து மணி வரைக்கும் புக் பேக் ஒரு மார்க், பாத்தா பாவமா இருக்கு.

போன வாரம் லேப்ல டைட்ரேஷன், அதான் ஒரு கரைசல்ல இன்னொன்ன சொட்டு சொட்டா விட்டு அளவு கண்டுபிடிக்கறது, பண்ணிட்டு வந்து சொன்னா, எனக்கு அப்படியே நம்ம லேப் கண்ணுல வந்துச்சு. ஆக்சாலிக் ஆசிட்ல டைல்யூட் சல்ஃப்யூரிக் ஊத்தி 60, 70 டிகிரிக்கு சூடு பண்ணி, மேல பியூரெட் குழாய்ல இருந்து ஊதா கலர் பெர்மாங்கனேட் கரைசல சொட்டு சொட்டா விடுவோமே. நீ ஒரு தடவ பிப்பெட்ட வாயில வெச்சு உறிஞ்சறப்ப ஆசிட் உள்ள போயி, குழாயடிக்கு ஓடிப்போய் கொப்பளிச்ச, நான் கூட அழுதுட்டேன். ஆக்சாலிக் ஆசிட் விஷம்னு அன்னைக்கு நமக்கு யாரும் சொல்லவே இல்ல, இப்போ புள்ளைங்களுக்கு ரப்பர் பல்பு குடுக்கறாங்களாம், நிம்மதி.

அப்புறம் முதல் சொட்டு பெர்மாங்கனேட் விட்டதும் அதோட பிங்க் கலர் போகாம அப்படியே நிக்கும், தப்பு பண்ணிட்டமோன்னு நமக்கு கை நடுங்கும், கொஞ்ச நேரம் கழிச்சுதான் மறையும், அடுத்தடுத்த சொட்டு சட்டு சட்டுன்னு மறையும். ஏன்னு கேட்டா "அப்படித்தான், எழுதிக்கோ"ன்னாங்க. பாப்பா சொல்றா, அந்த ரியாக்ஷன்ல உண்டாகற மாங்கனஸ் அயனியே அந்த ரியாக்ஷன வேகப்படுத்துமாம், முதல் சொட்டுக்கு அது இல்லாததால லேட்டாகுதாம். இத்தன வருஷம் கழிச்சு என் மக வாயால தெரிஞ்சுகிட்டேன், சந்தோஷமா இருந்துச்சுடி.

ஆனா அதே ராத்திரி அவ ஹாலோஜன் பாடம் சத்தமா படிக்கறா, ஃப்ளூரின்தான் எலக்ட்ரான் கவர்திறன் அதிகம் உள்ள தனிமம்னு. இத நாமளும் நெட்டுரு போட்டோம், நியாபகம் இருக்கா? அப்போதான் உன் பல்லு நியாபகம் வந்துச்சு. அந்த பழுப்புக் கோடு. நீ சிரிக்கறப்பல்லாம் கைய வெச்சு வாய மூடிப்பியே. பல்லு விளக்காத புள்ளன்னு உன்ன திட்டுனாங்க, நீ கரித்தூள், உப்புன்னு தேய்ச்சு ஈறுல ரத்தம் வர வெச்சுப்ப. அது அழுக்கே இல்லடி. நம்ம பாறையில இருக்கற ஃப்ளூரைடு, அதான் அதே ஃப்ளூரின் உப்பா இருக்கற வடிவம், ஆழ்துளைக் கிணத்துத் தண்ணில கரைஞ்சு வருது, பால் பல்லு விழுந்து முளைக்கப்போற பல்லு உள்ளுக்குள்ள உருவாகற வயசுல அத அதிகமா குடிச்சா எனாமல் சரியா இறுகாம கறையோட முளைக்குது. லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குள்ள இருக்கணும், வேற தண்ணியே இல்லன்னா 1.5 வரைக்கும் போகலாம், அதுதான் கணக்கு. காய்ச்சினாலும் போகாது, தண்ணி வத்த வத்த இன்னும் கூடத்தான் செய்யும். நம்ம அம்மாங்க எவ்ளோ நம்பிக்கையா காய்ச்சிக் குடுத்தாங்க.

நம்ம கிளாஸ்ல பாதி பேருக்கு அந்தக் கறை இருந்துச்சு, அதே கிளாஸ்ல போர்டுல ஃப்ளூரின்னு எழுதிப் போட்டாங்க, ஆனா ரெண்டையும் ஒருத்தரும் சேத்துப் பாக்கல. எனக்கு அதுதான் தாங்கல. 2013ல ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டம் தொடங்குனாங்களே, அதுக்குப் பேரே ஃப்ளூரோசிஸ், அதான் ஃப்ளூரைடு அதிகமாகி பல்லும் எலும்பும் கெடறது, அதோட தணிப்புத் திட்டம்னுதான், இப்போ காவேரித் தண்ணி வருது, ஆனா குழாய்ல வராத அன்னைக்கு ஜனங்க போர் தண்ணிக்குத்தான போறாங்க.

அதனால உன் பையனுக்கு இஷ்டம்னா தாராளமா சயின்ஸ் குரூப் எடுக்கச் சொல்லு. ஆனா கைடு வாங்கிக் குடுத்து மனப்பாடம் பண்ண வைக்காத. கிருஷ்ணகிரி மண்டில மாங்கா பழுக்க வைக்க கார்பைடு கல்லு ஏன் வைக்கக் கூடாதுன்னு கேளு, தண்ணி பட்டா அசிட்டிலின் வாயு வருமேன்னு அவனே பாடத்துல தேடட்டும். உங்க வீட்டுப் புளில என்ன ஆசிட் இருக்குன்னு கேளு.

ஊருக்கு வர்றப்ப உங்க அம்மா வீட்டு போர் தண்ணி ஒரு லிட்டர் எடுத்துட்டு வா, குடிநீர் வடிகால் வாரிய லேப்ல டெஸ்ட் பண்ணக் குடுக்கலாம், பாப்பாவும் கூட வர்றேங்கறா. பிளாஸ்டிக் பாட்டில்லயே கொண்டா, கண்ணாடி வேணாம், ஃப்ளூரைடு டெஸ்டுக்கு அதுதான் சரி.