எட்டாம் வகுப்புக்குள் ஊரின் வேலைகளைக் காட்டுவோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆறாம் வகுப்பில் நுழைந்து ‘என்ன ஆகப் போகிறீர்கள்?’ என்று கேட்டால் டீச்சர், டாக்டர், போலீஸ், கலெக்டர் என்ற நான்கு பதில்தான் வரும். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. கண்ணால் பார்த்த வேலையைத்தானே அவர்களால் சொல்ல முடியும்? ‘நான் முதல்வன்’ போன்ற வழிகாட்டல் எல்லாம் ஒன்பதாம் வகுப்பிலிருந்துதான் வருகிறது. நடுநிலைப் பள்ளியோ எட்டோடு முடிந்துவிடுகிறது. அடுத்த பள்ளிக்குப் பஸ் ஏற வேண்டிய ஊர்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிறைய உண்டு. பெண் பிள்ளையின் படிப்பு நின்றுபோகும் ஆபத்தும் அந்தப் பஸ் நிறுத்தத்தில்தான் இருக்கிறது. எனவே சுற்றியுள்ள வேலைகளைக் காட்டும் காலம் ஆறு முதல் எட்டு வரையான மூன்று ஆண்டுகள்தான்.

உள்ளூர்த் தொழிலைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது என்றதும் நம் பெரியவர்கள் முகம் சுருங்கும். அந்தச் சந்தேகம் நியாயமானது. 1953-இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோர் தொழில் என்று கிராமத்துப் பிள்ளைகளின் நாளைப் பிரித்தது. குலக்கல்வி என்று மக்கள் எதிர்த்தார்கள். 1954-இல் காமராசர் முதல்வரான பின் அது கைவிடப்பட்டது. அந்த நினைவு மங்கவே கூடாது. ஆகவே நாங்கள் சொல்லும் முதல் விதி, எந்தப் பிள்ளையையும் அதன் வீட்டுத் தொழிலைப் பார்க்க அனுப்பக் கூடாது என்பது. குழுவைச் சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள். பட்டுப்புழு வளர்ப்பவர் மகன் துணைமின் நிலையத்தை வேலிக்கு வெளியே நின்று பார்க்கட்டும், லைன்மேன் மகள் பட்டுக்கூடு அங்காடிக்குப் போகட்டும். முடிதிருத்துபவர் வீட்டுப் பிள்ளையை எழுப்பி ‘உங்க அப்பா வேலையைப் பற்றிச் சொல்லு’ என்று வகுப்பில் கேட்பது கொடுமை. எந்த வேலையைச் செய்ய வேண்டும் என்று இந்த வயதில் யாரும் தீர்மானிக்க வேண்டியதில்லை. எத்தனை வேலைகள் இருக்கின்றன என்று தெரிந்தால் போதும்.

எப்படிப் பார்ப்பது என்பதற்குத் தருமபுரி அரசு பட்டுக்கூடு அங்காடியையே எடுத்துக்கொள்வோம். ஒன்றும் சொல்லாமல் கூட்டிப்போனால் பிள்ளைகள் வெள்ளைக் கூட்டுக் குவியலைப் பார்த்து ‘அய்’ என்று சொல்லிவிட்டுத் திரும்புவார்கள். முந்தின நாளே கரும்பலகையில் அந்தக் கூடு வந்த வழியைப் போட்டுக் காட்ட வேண்டும். வித்தகம் என்னும் முட்டை உற்பத்தி நிலையத்தில் முட்டைத் தொகுதி (ஒரு தாய் அந்துப்பூச்சி இடும் முட்டைகள்) தயாராகிறது. ‘சாக்கி சென்டர்’ என்று விவசாயிகள் சொல்லும் இளம்புழு வளர்ப்பு மையத்தில் புழுவின் முதல் இரண்டு வளர்ச்சிப் பருவம் கழிகிறது. பிறகு விவசாயியின் கொட்டகை. வெப்பம் 24 முதல் 28 டிகிரிக்குள் நிற்க வேண்டும், காற்றில் ஈரம் குறையக் கூடாது. பொரித்ததிலிருந்து ஏறத்தாழ 25 நாளில், நான்கு முறை தோலுரித்த புழு கூடு கட்டத் தொடங்குகிறது. ஐந்தாறு நாள் கழித்துக் கூட்டை எடுத்து, ஏலத்தில் விற்க அங்காடிக்கு ஓட்டமாக வருகிறார்கள். ஏன் அந்த ஓட்டம்? காத்திருந்தால் அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். துளைபட்ட கூட்டில் அறுபடாத நூல் எடுக்க முடியாது. இந்த ‘ஏன்’ தெரிந்த பிள்ளை ஏலத்தைப் பார்க்கும் கண்ணே வேறு.

அங்கே போன பின் புழுவையும் விவசாயியையும் மட்டும் பார்த்துவிட்டு வரக் கூடாது. எடை போடுபவர், ஏலத்தைக் கணினியில் பதிபவர், கறைபட்ட கூட்டையும் இரட்டைக் கூட்டையும் பிரிப்பவர், எடை இயந்திரத்தைப் பழுது பார்ப்பவர், நூற்பாலையில் கொதிகலன் பார்ப்பவர், முறுக்கு ஏற்றுபவர், சாயம் போடுபவர், பட்டு வளர்ச்சித் துறை உதவி ஆய்வாளர். ஒரு கூட்டைச் சுற்றிப் பதினைந்து பிழைப்பு எண்ணலாம். இவற்றில் சிலவற்றுக்கு ஐடிஐ போதும், சிலவற்றுக்கு பி.எஸ்சி. வேண்டும். பட்டு வளர்ப்புக்கென்றே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் நான்காண்டு இளங்கலைப் படிப்பு நடத்துகிறது. பட்டு வளர்க்கும் மாவட்டத்துப் பெற்றோர் பலருக்கு இது தெரியாது.

மறுநாள் கணக்கு வகுப்பு. 100 முட்டைத் தொகுதிக்கு 70 கிலோ கூடு கிடைக்கிறது, 7 கிலோ கூட்டுக்கு 1 கிலோ கச்சாப் பட்டு கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால் எத்தனை கிலோ நூல்? ஏழாம் வகுப்பு விகிதக் கணக்கு இதுவே. பாடம் வீணாகிறது என்று யாரும் சொல்ல முடியாது.

ஆறாம் வகுப்புக்கு அங்காடி வரை போக வேண்டாம், ஊரிலுள்ள பால் கூட்டுறவுச் சங்கமே போதும். மாலைக் கறவை நேரம் பள்ளி விடும் நேரத்தோடு ஒட்டி வருவதால் வகுப்பும் கெடாது. லாக்டோமீட்டர் எதற்கு, கொழுப்புச் சத்தைக்கொண்டு விலை எப்படி மாறுகிறது, கணக்கை யார் எழுதுகிறார், மாட்டுக்குக் காய்ச்சல் என்றால் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று நான்கு கேள்வி. அந்த நான்காவது கேள்வியில்தான் கால்நடை மருத்துவர் வருகிறார். கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பள்ளிகள் ஜூன் மாதத்தைத் தவறவிடக் கூடாது. பெங்களூரா மாங்காய் கூழ் ஆலைகளுக்குப் போகும் பருவமும் பள்ளி திறக்கும் நேரமும் ஒன்றாக வருகின்றன. பழக்கூழின் இனிப்பை ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கும் ஆய்வக உதவியாளரைப் பிள்ளைகள் பார்க்கட்டும். கார்பைடு கல்லால் பழுக்க வைப்பது ஏன் தடை, எத்திலீன் வாயு ஏன் அனுமதி என்பதையும் அவரிடமே கேட்கலாம். பாலக்கோடு தக்காளி மார்க்கெட் நல்ல இடம்தான், ஆனால் அதன் சூடு விடியற்காலையோடு தணிந்துவிடும். பத்து மணிக்குப் போனால் காலிக் கூடைகளைத்தான் பார்க்கலாம்.

எங்கே கெடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். அறுபது பேரை ஒரே பட்டறைக்குள் விட்டால் முன்வரிசைப் பத்துப் பேர்தான் பார்ப்பார்கள், மற்றவர்கள் தள்ளுமுள்ளு. பத்துப் பேருக்கு ஓர் ஆசிரியர், ஒரு பெற்றோர், நாற்பது நிமிடம் என்பதைத் தாண்ட வேண்டாம். பையன்களை லேத்துக்கும் பெண் பிள்ளைகளைத் தையலுக்கும் பிரித்து அனுப்பினால் போகாமலே இருக்கலாம். எல்லாவற்றையும்விட அதிகம் கெடுப்பது ஒரு வாக்கியம்: ‘நல்லாப் படிங்க கண்ணுங்களா, இல்லேன்னா எங்கள மாதிரி கஷ்டப்படுவீங்க.’ வேலை செய்பவர் அன்பில்தான் இதைச் சொல்கிறார். கேட்கும் பிள்ளை மனதில் அந்த வேலையே தண்டனையாகிவிடுகிறது, அதைச் செய்யும் தன் தகப்பனும் சிறுத்துப் போகிறார். இரண்டு நாள் முன்னரே போய், ‘அறிவுரை வேண்டாம் அண்ணே, உங்கள் கையிலிருக்கும் கருவியைப் பற்றி மட்டும் சொல்லுங்கள்’ என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகள் கையிலும் எழுதிய கேள்விகள் இருக்கட்டும். வேலை எத்தனை மணிக்குத் தொடங்கும்? தினமும் தொடும் கருவி எது? எந்தத் தவறு செய்தால் நஷ்டம் பெரிது? இதை எங்கே கற்றீர்கள், எத்தனை நாள் ஆனது? மழைக்காலத்தில் வேலை உண்டா? கூலி நாளுக்கா, மாதத்துக்கா, துண்டுக்கணக்கா? ‘சம்பளம் எவ்வளவு?’ என்று முகத்துக்கு நேரே கேட்கச் சொல்லாதீர்கள், அது அவரைச் சங்கடப்படுத்தும். கூலி முறையைக் கேட்டால் அவரே விளக்கிவிடுவார்.

இன்னொன்றில் தளர்வே கூடாது. பார்க்கப் போன பிள்ளை ஒரு கூடையைக்கூடத் தூக்கக் கூடாது. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டப்படி 14 வயது நிரம்பாதவரை எந்தத் தொழிலிலும் வேலைக்கு வைக்க முடியாது. ‘பழகட்டும் சார், லீவுல வரட்டும்’ என்று பட்டறைக்காரர் சொன்னால் அந்த இடத்தை அடுத்த முறை பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

பார்த்த வேலையோடு படிப்பு வழியை இணைக்காவிட்டால் எல்லாம் சுற்றுலாவாகிப் போகும். வகுப்புச் சுவரில் ஒரு தாளை ஒட்டி வேலை, அதற்கான படிப்பு, அருகிலுள்ள கல்வி நிலையம் என்று மூன்று கட்டம் போடுங்கள். அதே தாள் மூன்று ஆண்டும் வளரட்டும். அதில் பெற்றோருக்கும் சில வரி வேண்டும். ஐடிஐயில் வயர்மேன் போன்ற சில பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும், ஆனால் பத்து முடித்தால் கதவுகள் பல மடங்கு. பத்துக்குப் பின் இரண்டாண்டு ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வில் தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. மருத்துவம், கால்நடை மருத்துவம், பொறியியல், வேளாண்மைப் படிப்புகளில் 7.5 சதவீத இடம் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. ‘புதுமைப் பெண்’ திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கும் கணக்கு ஆறாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. ஏழாம் வகுப்பில் பிள்ளையைக் கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்ற நினைக்கும் தகப்பனாருக்கு இதை யாராவது முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

செலவு பெரிதில்லை. சீருடையும் இலவசப் பஸ் பாஸும் இருக்கின்றன. ஆண்டுக்கு மூன்று இடம் பார்த்தால் எட்டை முடிக்கும்போது ஒவ்வொரு பிள்ளையும் ஒன்பது வேலையிடங்களைக் கேள்வியோடு பார்த்திருக்கும். கல்வியாண்டின் முதல் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாக எழுதிவிடலாம். எந்த இடம், எந்தத் தேதி, உடன் வரும் பெற்றோர் யார் என்ற மூன்று விவரம் அதில் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் சிலர்,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.