ஷெயினின் கதை 1611-இல் முடியவில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில், ரஷ்யக் கோட்டை நகரமான ஸ்மோலென்ஸ்கைப் போலந்துப் படை 1609 முதல் 1611 வரை முற்றுகையிட்டது பற்றிய கட்டுரையைப் படித்தேன். விறுவிறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் கோட்டையைக் காத்த ரஷ்யத் தளபதி மிகயில் ஷெயின் போலந்துப் படையிடம் சிறைப்பட்டதோடு முற்றும் போட்டுவிட்டீர்கள். பாதிக் கதைதான் வந்திருக்கிறது.

வந்த பாதியிலும் முக்கியமான ஒன்று விடுபட்டுவிட்டது. 1610 ஜூலையில் மாஸ்கோவில் ஜாரையே, அதாவது ரஷ்ய மன்னரையே, இறக்கிவிட்டார்கள். அடுத்த மாதம் பிரபுக்கள் கூடி, ஸ்மோலென்ஸ்கை வளைத்து நின்ற போலந்து மன்னர் சிகிஸ்மண்டின் மகன் விளாதிஸ்லாவை ஜாராக ஏற்றார்கள். கோட்டையைத் திறந்துவிடச் சொல்லி ஷெயினுக்கு மாஸ்கோவிலிருந்தே ஓலை வந்தது. மேலிடத்து உத்தரவு என்று கையை விரித்திருக்கலாம். மனிதர் அசையவில்லை. உள்ளே ஸ்கர்வி நோயில் ஈறு வீங்கி ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். மதிலடிச் சுரங்கங்களில் காவலர்கள், எதிரி எங்கே மண் தோண்டுகிறான் என்று இருட்டில் காது கொடுத்துக் கிடந்தார்கள். இப்படியே 20 மாதம்!

1611 ஜூனில் நகரம் விழுந்தது. எட்டு ஆண்டு சிறைவாசம். 1619-இல் கைதிகள் பரிமாற்றத்தில், பிலாரெத்தோடு ஊர் திரும்பினார். விளாதிஸ்லாவுக்குப் பதிலாக ரஷ்யர்கள் தேர்ந்தெடுத்த புதிய ஜாரின் தந்தைதான் இந்தப் பிலாரெத்.

1632-இல் அதே ஸ்மோலென்ஸ்கை மீட்க ஷெயினையே அனுப்பினார்கள். கட்டடக் கலைஞர் பியோதர் கோன் எழுப்பிய ஆறரை கிலோமீட்டர் மதில். எந்த இடம் பலவீனம் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் கனரக பீரங்கிகள் வந்து சேரவே 1633 மார்ச் ஆகிவிட்டது. தெற்கே கிரீமியத் தாத்தாரியர் புகுந்ததும், ஷெயின் படையில் இருந்த அந்தப் பக்கத்து வீரர்கள் தங்கள் வீடுவாசலைக் காக்கக் கிளம்பிவிட்டார்கள். ஷெயினும் மந்தமாகத்தான் நடந்துகொண்டார். அதை மறைக்க வேண்டியதில்லை. விளாதிஸ்லாவ், இப்போது போலந்தின் மன்னர், பெரும்படையோடு வந்து முற்றுகையிட்டவரையே முற்றுகையிட்டார். 1634 பிப்ரவரியில் ஷெயினின் படைக்கொடிகள் அவர் காலடியில் வைக்கப்பட்டன. எவர் பெயரால் உத்தரவு வந்தும் ஷெயின் கோட்டையைத் திறக்க மறுத்தாரோ, அதே விளாதிஸ்லாவ்!

ஆதரவாக இருந்த பிலாரெத் அதற்குள் இறந்துபோயிருந்தார். ஷெயின் சிறையில் இருந்தபோது போலந்து மன்னருக்குச் சிலுவையை முத்தமிட்டுச் சத்தியம் செய்தார் என்ற பழைய விஷயத்தையும் தோண்டியெடுத்து, அந்த ஏப்ரலிலேயே மாஸ்கோவில் அவர் தலையை வெட்டினார்கள். உடனிருந்த தளபதி இஸ்மாயிலோவுக்கும் அதே கதி.

மீதியை அடுத்த இதழில் போடுங்கள். இரண்டு பக்கம் போதும்.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கும்பகோணம்