கயிற்றோடு முடிச்சையும் சோதிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நங்கூரக் கயிறுகளின் தரம் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, கயிற்றின் பருமனையும் அது தாங்கும் பாரத்தையும் விரிவாக விளக்கியிருந்தது. ஆனால் முடிச்சைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. கயிற்றுச் சுருளில் குறித்திருக்கும் பாரம், முடிச்சு விழாத புதுக் கயிற்றுக்கே உரியது. முடிச்சின் வளைவில் சில இழைகள் மட்டும் அதிகமாக இழுபடுவதால், சாதாரண ஒற்றை முடிச்சில் கயிற்றின் வலிமை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடும். நைலான் கயிறு நனைந்தால் மேலும் சற்று வலிமை இழக்கும்.

கயிறு அறுவதைவிட முடிச்சு உருவிக்கொள்வதே எனக்குப் பெரிய கவலை. வாடைக்காற்றுக் காலத்தில் பாம்பன் வடகடலிலும் இராமேசுவரத்திலும் நங்கூரமிட்டிருக்கும் படகுகளில், ஒவ்வோர் அலைக்கும் கயிறு விறைத்துத் தளர்கிறது. ஒரே சீராக இழுக்கும்போது அசையாமல் நின்ற முடிச்சு, இப்படித் தளரும் நேரங்களில்தான் சிறிது சிறிதாக நெகிழ்கிறது. வழவழப்பும் விறைப்பும் கொண்ட பிளாஸ்டிக் கயிற்றில் இது இன்னும் எளிதாக நடக்கும். பொட்டலம் கட்டும் இரட்டை முடிச்சால் இரண்டு கயிறுகளை இணைத்து, உயிரையும் படகையும் அதை நம்பி விடுவது சற்றும் தகாது.

ஆகவே சோதனை இரண்டு வகையாக அமைய வேண்டும். ஒரே கயிற்றுத் துண்டின் இரு முனைகளிலும் வெவ்வேறு முடிச்சுகளைப் போட்டு, செயின் பிளாக்கால் (சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் கருவி) மெல்ல இழுத்தால், முதலில் அறுபடும் முனையே வலிமை குறைந்தது. இடையில் ஒரு தொங்கு தராசை மாட்டினால் அறுபட்ட பாரமும் தெரியும். நெகிழ்வை அறிய, கடல்நீரில் ஊறிய கயிற்றில் முடிச்சை விட்டு வெளிவரும் வால்முனையில் பெயிண்டால் கோடிட்டு, குறைந்த பாரத்தில் பல நூறு முறை இழுத்தும் தளர்த்தியும், அந்தக் கோடு எவ்வளவு நகர்ந்தது என்று அளக்க வேண்டும். புதுக் கயிற்றோடு நிறுத்தாமல், வெயிலில் காய்ந்து நைந்த பழைய கயிற்றையும் சோதிப்பது அவசியம். நைலான் நன்றாக நீண்டு அறுவதால் சாட்டைபோல் திரும்பி அடிக்கும். இழுபடும் கயிற்றின் நேர்க்கோட்டில் எவரும் நிற்கக் கூடாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில், விசைப்படகுகளைக் கரையேற்றிப் பழுதுபார்க்கும் வேளையில், மீன்வளத் துறையினர் இச்சோதனைகளை மீனவர்கள் முன்னிலையிலேயே நடத்தி, முடிவுகளைப் படங்களுடன் இறங்குதளங்களில் ஒட்டி வைக்குமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தங்கச்சிமடம்